மருந்துக்குச் சம்பந்தமில்லை

உடைமாற்றும் அறையின் நீண்ட பெஞ்சில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கையை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் வேலை தொடங்குவதே இப்படித்தான். முந்தைய நாள் பட்ட வெட்டுகளில் சட்டென்று காயும் பசையை ஒரு சொட்டு விட்டு, இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, வாயால் ஊதினால் போதும். பிளாஸ்திரி போட்டால் குளிர்ந்த தண்ணீரில் ஊறிக் கழன்று இறைச்சியோடு போய்விடும். பசை போகாது. மேசையில் மனித ரத்தம் ஒரு சொட்டு விழுந்தால் அங்கே இருக்கும் இறைச்சி முழுவதையும் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. கொட்டிய பிறகு ரத்தம் யாருடையதோ அவனையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மாட்டு ரத்தம் கணுக்கால்வரை நின்றாலும் அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை.

பெஞ்சின் கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார் மூட்டுக்காரர். தொங்கி வரும் மாட்டின் தோள் மூட்டைப் பிரித்தெடுப்பது அவர் வேலை. அதை அவரைப்போலச் சுத்தமாகச் செய்ய அந்தக் கூடத்தில் ஆளில்லை என்பதால் வந்த பெயர். மற்றவர்களுக்கு ஒரு சொட்டுப் பசை. அவருக்கு ஒரு டியூப் முழுவதும் போதவில்லை. உள்ளங்கைத் தோல் பாளம் பாளமாக உரிந்து, அடியில் வெந்நீர் கொட்டியதைப்போலச் சிவந்து கிடந்தது. விரல் மடிப்புகள் எல்லாம் வெடித்திருந்தன. அவர் மனைவியின் தம்பி தன் அகன்ற முதுகால் மற்றவர்களை மறைத்துக்கொண்டு அவர் கையில் பசை தடவிக்கொண்டிருந்தான். வரிசையில் அவருக்குப் பக்கத்து இடம் அவனுடையது.

"எரியுதா மாமா?"

"எரியறதெல்லாம் போன வாரத்தோட சரி. இப்ப இது என் கைதானான்னே தெரியல மாப்ள."

"இன்னைக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன்."

"போட்டா விசில் ஏன்னு கேப்பான். டாக்டர் சீட்டு கேப்பான். சீட்டுல என்ன எழுதியிருக்கும்னு உனக்குத் தெரியாதா? பேசாம ஒட்டு."

விசில் என்பது மேற்பார்வையாளன். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அதற்கு ஓய்வே கிடையாது. புற்றுநோய் என்று தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் அவனிடம் மூட்டுக்காரர் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தார். எடுத்தது பெருங்குடலில் ஒரு சாண் நீளத்தை. அதற்குள் கட்டி ஈரலுக்குப் போய்விட்டிருந்தது. வழக்கமான மருந்து எதுவும் கேட்கவில்லை என்றான பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு மாத்திரையை ஆராய்ச்சி செய்கிறார்கள், சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? சேர்ந்தார். போன ஸ்கேனில் ஈரலில் இருந்த கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. அந்த வீட்டில் அவர், மனைவி, மைத்துனன் மூன்று பேருக்கும் அன்றிலிருந்து உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மாத்திரை நிற்கக் கூடாது.

நின்றுவிடும் என்ற பயம் சும்மா வந்ததல்ல. ஆராய்ச்சிப் பிரிவின் காத்திருக்கும் பெஞ்சில் ஒரு பஸ் டிரைவர் அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தார். வாயைத் திறந்தால் ஊர்க்கதை. அவர் ஒரு நாள் உள்ளே போய், வயிற்றுப்போக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். "உங்களுக்கு இந்த மருந்து ஒத்துக்கல" என்று நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஆளே இல்லை.

அதற்கடுத்த முறை நர்ஸ் மூட்டுக்காரரின் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆராய்ச்சி நர்ஸ் நல்ல பெண்தான். முதல் நாள் ரத்தம் எடுக்கும்போதே, இது மரபணு பார்க்க, ஆபரேஷன்ல எடுத்த கட்டித் துண்டும் அதுக்குத்தான் என்று பொறுமையாக விளக்கியவள்.

"கை ஏன் இப்படி இருக்கு? மாத்திரை ஆரம்பிச்சப்புறமா வந்ததா?"

மூட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டாள். "ஐயோ, அவருக்கு எப்பவும் இப்படித்தாம்மா. கறிக் கம்பெனி வேலை. ஐஸ் தண்ணி, உப்பு, பிளீச்சிங் பவுடர். என் கையைப் பாருங்க, நானும் அங்கதான் குடல் கழுவறேன்." அவள் தன் கையையும் நீட்டிக் காட்டினாள். அதுவும் அழகாக ஒன்றும் இல்லை.

பசை காய்ந்து வெடிப்புகளை மூடியிருந்ததால் உள்ளங்கை பார்ப்பதற்கு மொழுமொழுவென்றுதான் இருந்தது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தொழில்ல கை இப்படித்தான் ஆகும். வேலையால வந்ததுன்னு போட்டுக்குங்க. மருந்துக்குச் சம்பந்தமில்லை."

வெளியே வந்ததும் மனைவி சுவரில் சாய்ந்து நின்று மூச்சு விட்டாள். ஊர்க் குடலெல்லாம் கழுவினவள், புருஷன் குடலில் இருந்ததைப் பார்க்கத் தெரியவில்லை என்று முன்பு பல நாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதவள் அவள். இந்த முறை தான் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துவிட்டதாக அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது கூடத்தில் மணி அடித்தது. எல்லோரும் ரப்பர் கையுறையும் அதன்மேல் இடது கையில் இரும்புக் கண்ணிக் கையுறையும் மாட்டிக்கொண்டு வரிசைக்குப் போனார்கள். தலைக்கு மேல் சங்கிலி நகரத் தொடங்கியது. தோலுரித்த மாடுகள் கொக்கியில் ஆடிக்கொண்டே வந்தன. முழங்கைக்கு முழங்கை இடித்துக்கொண்டு நிற்க வேண்டிய இடம் அது. சங்கிலி யாருக்காகவும் நிற்காது, அதனால் கத்தியும் நிற்கக் கூடாது.

மூட்டுக்காரருக்குக் காலையிலிருந்தே உடம்பு கொதித்தது. வாய்க்குள் கன்னம், நாக்கு, ஈறு எல்லாம் புண். தண்ணீர் குடித்தால்கூடத் தொண்டைவரை எரிந்தது. அதையும் அவர் நர்ஸிடம் சொல்லியிருக்கவில்லை. கையுறைக்குள் பசை விட்டுப்போய் ஏதோ வழவழவென்று ஊறுவது தெரிந்தது. ரத்தமா நீரா என்று கழற்றிப் பார்க்க முடியாது.

ஒரு பெரிய காளையின் தோள் வந்தது. அவர் கத்தியை மூட்டுக்குள் செருகி, எப்போதும்போலத் தன் பக்கமாக இழுத்தார். எலும்பில் மாட்டியது. பலம் கொண்ட மட்டும் இழுத்தார். கைப்பிடி கையில் இருக்கிறதா இல்லையா என்று அவர் விரல்களுக்குத் தெரியவில்லை. கத்தி மூட்டை விட்டு வெடுக்கென்று வெளியே வந்து, பக்கத்தில் நின்ற மைத்துனனின் இடது கையில், இரும்புக் கையுறை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, குறுக்காக இறங்கியது.

அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். சதை பிளந்து உள்ளே வெள்ளையாக நரம்புகள் தெரிந்தன, அதற்கப்புறம்தான் ரத்தம் பீறிட்டது. மேசை, இறைச்சி, மூட்டுக்காரரின் முகம் எல்லாவற்றின் மேலும் அடித்தது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷனைக் கடித்த கத்தி தரையில் கிடந்து சுற்றியது.

விசில் ஊதியபடி ஓடிவந்தவன் முதலில் மேசையைத்தான் பார்த்தான். "அத்தனையும் போச்சு. எல்லாத்தையும் கொட்டு." பிறகு மூட்டுக்காரர் பக்கம் திரும்பினான். "இத்தனை வருஷம் கத்தி பிடிச்சவனுக்கு எப்படிய்யா நழுவும்? கையில என்ன? கையுறையைக் கழட்டு."

"ஒண்ணுமில்ல. வழுக்கிடுச்சு."

"கழட்டுன்னு சொன்னேன்." விசில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கையுறையின் ஓரத்தை இழுத்தான். ரப்பரோடு தோலும் சேர்ந்து வந்தது.

மைத்துனன் அதைப் பார்த்தான். கையுறை கழன்றால் கை தெரியும். கை தெரிந்தால் கம்பெனி டாக்டர் வருவார், ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவார், வேலையால் வந்ததில்லை என்று அங்கே தெரிந்துவிடும். மாத்திரை நின்றுவிடும். அவனுக்கு யோசிக்க அவ்வளவுதான் நேரம் இருந்தது. வெட்டுப்பட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையை முஷ்டியாக்கி மாமாவின் வாயிலேயே ஓங்கிக் குத்தினான்.

"குத்திட்டல்ல? நேத்து ராத்திரி வீட்டுல பேசினதுக்கு இங்க வந்து கத்தியால குத்தறியா நீ?"

வாழ்நாளில் அவன் மாமாவை நீ என்று சொன்னதில்லை. மூட்டுக்காரர் விழுந்த இடத்திலிருந்து அவனை நிமிர்ந்து பார்த்தார். புண்ணாகிக் கிடந்த வாய் முழுவதும் கிழிந்து, ரத்தம் குபுகுபுவென்று தாடையில் வழிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆமாண்டா" என்றார். "குத்தினேன். என்னடா பண்ணுவ?"

விசிலின் முகம் தெளிந்தது. விபத்து என்றால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். குடும்பச் சண்டை என்றால் யாரும் சொல்ல வேண்டாம். அவன் கையுறையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

மற்றவர்கள் அப்படி நிற்கவில்லை. அந்தக் கூடத்தில் குடித்துவிட்டு வருபவனை மன்னிப்பார்கள், திருடினால்கூட மறைப்பார்கள். பக்கத்தில் நிற்பவன் மேல் வேண்டுமென்றே கத்தி வைத்தவனை மட்டும் விட மாட்டார்கள், ஏனென்றால் எல்லோருடைய கழுத்தும் பக்கத்து ஆளின் கத்திக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. காலையில் அவரோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து கையை ஒட்டிய ஆளே முதலில் உதைத்தான். ரப்பர் பூட்ஸ் கால்கள் விலாவில், முதுகில், வயிற்றில் தையல் போட்ட இடத்தில் விழுந்தன. ஒருவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி முகத்தைத் தரையில் இடித்தான். அவர் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுருண்டு கிடந்தார். மற்றதை எல்லாம் அடிக்கக் கொடுத்துவிட்டார்.

மைத்துனன் தூணில் சாய்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே நின்றான். போதும் என்று தடுத்தால் சண்டை பொய் என்று தெரிந்துவிடும்.

குடல் கழுவும் கூடத்திலிருந்து மனைவி ஓடிவந்தாள். தம்பியின் ரத்தத்தைப் பார்த்தாள், "உன் புருஷன்தான் குத்தினான்" என்று யாரோ சொன்னதைக் கேட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளும் ஒரு அறை விட்டாள். அறைந்த கையில் அவர் கன்னத்தின் சூடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் வைத்த சட்டியைத் தொட்ட மாதிரி அவள் கையை உதறினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தம்பியை ஒரு மாடிக்கும் கணவரை ஒரு மாடிக்கும் கொண்டுபோனார்கள். தையல் போட்டு முடித்த பிறகு தம்பி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான்.

"என்னடா இப்படிப் பண்ணிட்ட?"

"வேற என்னக்கா பண்ணச் சொல்ற? கையைப் பார்த்திருந்தா மாத்திரையை நிறுத்தியிருப்பாங்க. நீயும்தானே அன்னைக்கு அப்படிச் சொன்ன?"

அவள் மேல் மாடிக்குப் போனாள்.

கணவருக்கு ஜுரம் இறங்கவே இல்லை. பேச்சு குழறியது. கொக்கி, கொக்கி என்று எதையோ தடுப்பதுபோலக் கையை வீசிக்கொண்டிருந்ததால் மணிக்கட்டுகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். உரிந்த உள்ளங்கைகள் மேலே பார்த்துக் கிடந்தன. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று ஆராய்ச்சி நர்ஸ் சொன்னாள்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. "கை வேலையால வந்தது இல்ல. மாத்திரை சாப்பிட்ட அப்புறம்தான். வாயிலயும் முன்னாடியே புண்ணு. குத்துனதால வந்தது இல்ல. எல்லாம் மாத்திரைதான்."

நர்ஸ் கதவைப் பார்த்தாள். "சில பேர் உடம்புல பிறவியிலயே ஒரு கோளாறு இருக்கும். மருந்து வெளிய போகாது. உள்ளயே சேர்ந்துக்கிட்டே இருக்கும். மத்தவங்களுக்கு மருந்து, அவங்களுக்கு விஷம். மரபணுவுல பார்த்தாத் தெரியும்."

"அதுக்குத்தான் முதல் நாளே ரத்தம் எடுத்தீங்களே."

"எடுத்தோம்."

"அதுல என்ன வந்துச்சு?"

"இன்னும் பார்க்கல. எல்லாரோடதையும் சேர்த்து, ஆராய்ச்சி முடிஞ்சப்புறம் மொத்தமாத்தான் பார்ப்பாங்க. அதுவரைக்கும் பிரீசர்ல இருக்கும்."

மனைவிக்கு அது உடனே புரியவில்லை. புரிந்ததும் நர்ஸின் இரண்டு தோள்களையும் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினாள். நாள் முழுவதும் ஈரக் குடல் இழுத்துப் பழகிய கை அது. நர்ஸ் திமிறவில்லை.

"வச்சிருந்தும் பார்க்கல? வச்சிருந்தும்?"

அன்று கையைப் பார்த்த டாக்டர் வந்துதான் விலக்கிவிட்டார். அவள் மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முதல்ல வேலையால வந்ததுன்னு சொன்னீங்க. அப்புறம் சண்டைன்னு கம்பெனியில இருந்து ஆள் வந்து சொன்னாங்க. உங்க தம்பியும் அதையேதான் சொன்னாரு. இப்ப மாத்திரைங்கறீங்க. நான் எதைம்மா எடுத்துக்கறது?"

"கையைப் பாருங்க. ரத்தத்தைப் பாருங்க. இப்பவே எடுத்துப் பாருங்க."

"நடுவுல பார்த்தா ஆராய்ச்சி கெட்டுடும். அடிபட்ட உடம்பு, காயத்துல கிருமி ஏறியிருக்கு. அதுலயும் அணுக்கள் குறையும்."

நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். "சார், சம்பந்தம் இருக்கலாம்னாவது போடலாமே."

"இருக்கலாம்னு போட்டா மொத்தத்தையும் நிறுத்தி வச்சுக் கேள்வி கேப்பாங்க. இதுல குணமாகிட்டு இருக்கறவங்க அத்தனை பேரும் என்ன பண்ணுவாங்க?" அவர் கெட்ட எண்ணத்தில் பேசியதாகத் தெரியவில்லை. களைத்துப்போயிருந்தார். "வேலையிடத்துல அடிதடி. ஆராய்ச்சியில இருந்து விலகிட்டார். மருந்துக்குச் சம்பந்தமில்லை. அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் பொழுது விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் மூட்டுக்காரர் இறந்துபோனார். கட்டை அவிழ்த்தபோது மணிக்கட்டுத் துணியிலும் கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தது. மனைவி அதைத் துடைக்கவும் மனம் வராமல், விடவும் மனம் வராமல் நின்றாள். தொழிற்சாலையிலிருந்து யாரும் வரவில்லை. குத்தியவன் சாவுக்கு எப்படி வருவார்கள்? விசில் மட்டும், தம்பி, அக்கா இருவரும் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தான்.

காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மிச்சம் இருக்கும் மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது ஆராய்ச்சிக்குச் சொந்தம், வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். தம்பி, "அவங்களே வந்து வாங்கிக்கட்டும்" என்றான். அவள்தான் கிளம்பினாள்.

ஆராய்ச்சிப் பிரிவின் பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கட்டட வேலைக்காரர், நகக்கண்ணில் சிமெண்டு படிந்திருந்தது. உடம்பு வற்றி, சட்டை யாருடையதோ என்பதுபோலத் தொங்கியது. நர்ஸ் அவரிடம் வெள்ளை டப்பாவின் மூடியைத் திறந்து, காலையில் எத்தனை, இரவில் எத்தனை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவியைப் பார்த்ததும் அவள் வாய் அப்படியே நின்றது.

"இடம் காலியாகறதே இல்லைன்னு சொன்னாங்க" என்று அந்த ஆள் மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னார். "திடீர்னு கூப்பிட்டாங்க. யாரோ விலகிட்டாங்களாம். நம்ம நேரம்."

"அண்ணே, இதைச் சாப்பிடாதீங்க" என்றாள் அவள்.

"ஏம்மா?"

"சொல்றேன்ல. உங்க ரத்தத்தைப் பார்த்துட்டு அப்புறம் சாப்பிடுங்க. பார்க்கச் சொல்லுங்க. இவங்க பார்க்க மாட்டாங்க."

அவர் டப்பாவை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். "யாரும்மா நீ? எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். சும்மா போ" என்றார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி டப்பாவைத் தட்டிவிட்டாள். மாத்திரைகள் பெஞ்சுக்கு அடியிலும் தாழ்வாரத்திலும் சிதறி ஓடின. "சாப்பிடாதே, சாப்பிடாதே" என்று கத்திக்கொண்டே அவள் கண்ணில் பட்ட மாத்திரைகளைச் செருப்புக் காலால் நசுக்கினாள். ஒரு செருப்பு கழன்று போனது. காவலாள் ஓடிவந்து பின்னாலிருந்து அவள் கையை முதுகுக்கு வளைத்து முறுக்கி, முகத்தைச் சுவரில் வைத்து அழுத்தினான். மூக்கிலிருந்து ரத்தம் சுவரில் இறங்கியது. அவளால் அதற்கு மேல் அசைய முடியவில்லை.

கட்டட வேலைக்காரர் மண்டியிட்டுத் தவழ்ந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பொறுக்கினார். தூசியை ஊதி ஊதி டப்பாவில் போட்டார். நசுங்கியவற்றின் பொடியையும் நகத்தால் வழித்தெடுத்தார். சுவரோரம்வரை தவழ்ந்து வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"தாயீ, ஒண்ணு உங்க காலுக்கு அடியில கிடக்கு. கொஞ்சம் காலை எடுங்க."

அவள் எடுக்கவில்லை. அவர் இரண்டு கைகளாலும் அவள் பாதத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, அந்த மாத்திரையை எடுத்துச் சட்டையில் துடைத்து டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார்.